மருந்தடிப்புப் பயிற்சி: வயலில் என்ன மாறியது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. சொறிக்கல்முனை, நாவிதன்வெளி, சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவர்களும், கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர்களும், விவசாய அமைப்புகளில் இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

கிருமிநாசினியைப் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றி அங்கங்கே வகுப்புகள் நடக்கின்றன. கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், வெறும் போத்தலை வாய்க்காலில் எறியாதீர்கள் என்று சொல்கிறார்கள். எல்லாம் நல்ல விசயம். முடிந்ததும் ஒரு குழுப்படம், கீழே "இத்தனை விவசாயிகள் பயன்பெற்றனர்" என்று ஒரு வரி. வகுப்பு வைக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த "பயன்பெற்றனர்" என்ற சொல் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த விசயம் ஒன்று: வரவு இடாப்பு வேறு, அடைவு மட்டம் வேறு. நாற்பது பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள் என்பதற்காக நாற்பது பேருக்கும் பின்னக் கணக்கு விளங்கிவிட்டது என்று எந்த அதிபரும் ஒப்புக்கொள்ள மாட்டார். விவசாயப் பயிற்சியில் மட்டும் வரவு இடாப்பே பெறுபேறாகி விடுகிறது.

அளக்க முடியாத விசயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். 1990களில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் உதவியோடு விவசாயத் திணைக்களம் நெல் விவசாயிகளுக்கு வயற்பள்ளிகள் நடத்தியது. ஒரு நாள் வகுப்பு அல்ல. போகம் முழுக்க வயலில் இறங்கி, எது தீய பூச்சி, எது அதைத் தின்னும் சிலந்தி என்று பார்த்துப் படிப்பது. 2002இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, அதில் படித்தவர்கள் ஒரு போகத்துக்குச் சராசரியாக 2.2 தடவை பூச்சிமருந்து அடித்த இடத்தில் 0.4 தடவைக்கு இறங்கினார்கள். விளைச்சல் குறையவில்லை, கூடியது.

அதோடு கதை முடியவில்லை. ரொபர்ட் டிரிப் என்பவரும் இரண்டு இலங்கை ஆய்வாளர்களும் தென்பகுதியில் போய்ப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். வயற்பள்ளியில் படித்தவர்கள் பூச்சிமருந்தைக் குறைவாகத்தான் பாவித்தார்கள். ஆனால் படித்தது பக்கத்து வயல்காரருக்குப் போய்ச் சேர்ந்ததற்குப் பெரிதாக அடையாளம் இல்லை. "ஒருவருக்குச் சொன்னால் ஊருக்கே பரவும்" என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போனது.

இதை நம்மட வட்டைக்குப் பொருத்திப் பாருங்கள். கூட்டத்துக்கு அழைப்பு யாருக்குப் போகிறது? காணிக்காரருக்கு, அமைப்பின் உறுப்பினருக்கு. மெசினைத் தோளில் போட்டு வெயிலில் நடப்பவர் யார்? பெரும்பாலும் கூலிக்கு வருகிற தம்பிமார். டாங்கிக் கணக்கில் காசு வாங்கும் ஒருவர், காற்று மாறும் வரை காத்திருப்பாரா? அந்த வெக்கையில் முகத்தை மூடிக்கொண்டு நடப்பாரா? பயிற்சி ஒருவருக்கு, நஞ்சு இன்னொருவருக்கு என்றால் வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தும் பிரயோசனம் இல்லை.

அளக்கும்போதும் ஏமாறக் கூடாது. 2021 மே மாதம் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்யத் தடை வந்தது, நவம்பரில் தளர்த்தினார்கள். பிறகு விலை ஏறியது. அந்தக் காலத்தில் பயிற்சி எடுத்த வட்டையில் மட்டும் போய்ப் பார்த்திருந்தால், "எங்கள் வகுப்புக்குப் பிறகு மருந்துப் பாவனை குறைந்துவிட்டது" என்று அழகான அறிக்கை எழுதலாம். குறைத்தது வகுப்பா, கடையில் இருந்த விலையா? வகுப்பு நடக்காத பக்கத்து வட்டையிலும் எண்ணிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

நேர்மையாக அளந்தால் மனதுக்குப் பிடிக்காத விடையும் வரும். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட கிருமிநாசினிப் பெட்டி கொடுத்தார்கள். 53 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்த பெரிய ஆய்வு. 2017இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் இடையில், நஞ்சருந்துவோர் தொகையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உயிரைக் காத்தது வேறொன்று. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவற்றையும், 2008 முதல் 2011 வரை பரகுவாட் உட்பட மேலும் மூன்றையும் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 1995க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பங்கு இந்தத் தடைகளுக்கு உரியது என்பதே ஆய்வாளர்கள் கருத்து.

மருந்து விற்ற கம்பனியின் பக்கத்திலிருந்தே இதற்கு ஒத்த குரல் வந்திருக்கிறது. நொவார்ட்டிஸ் கம்பனியின் அறக்கட்டளை 1990களில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலும், மெக்சிக்கோவிலும், சிம்பாப்வேயிலும் விவசாயிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து அளந்து பார்த்தது. பாதுகாப்பாகப் பாவிப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாவிட்டால், கடும் நஞ்சு வகை மருந்துகளைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் 2000இல் அவர்கள் எழுதிய முடிவு.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா? வேண்டும். ஆனால் பயிற்சியால் எது முடியும், எது முடியாது என்று தெரிய வேண்டும். தேவையில்லாத தடவைகளைக் குறைக்கப் பயிற்சியால் முடியும். விதைத்து முதல் நாற்பது நாளுக்குள் இலை தின்னும் புழுவுக்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண் செலவு. பயிர் தானாகவே தேறிவிடும். அந்த மருந்து சிலந்தியைக் கொன்று, பிறகு அறக்கொட்டியானுக்கு வழி திறந்து விடுகிறது. இதை விளங்கிக்கொண்டவருக்குக் காசும் மிச்சம், உடம்பும் மிச்சம். கடும் நஞ்சைக் கையுறையால் சமாளிக்கலாம் என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம். அதற்கு அரசு கடைகளைப் பார்க்க வேண்டும்.

வருகிற பெரும்போகத்துக்கு விவசாய அமைப்புகளிடமும் போதனாசிரியர்களிடமும் நான் கேட்பது சின்ன விசயங்கள்தான். வகுப்புக்குக் கூலிக்கு அடிப்பவர்களைக் கூப்பிடுங்கள். அன்றைய நாட்கூலியையும் கொடுங்கள், இல்லாவிட்டால் வர மாட்டார்கள். ஒரு கொப்பியில் மூன்று விசயம் எழுதுங்கள்: ஏக்கருக்கு எத்தனை தடவை அடித்தது, என்ன மருந்து, அடித்த அன்று தலையிடி, வாந்தி, கண் எரிவு வந்ததா. வகுப்பு நடக்காத ஒரு வட்டையிலும் அதையே எழுதுங்கள். அடுத்த பெரும்போகத்திலும் திரும்ப எழுதுங்கள், ஒரு வருடத்தில் மறந்து போனதும் தெரிய வரும். போத்தல்களை வாய்க்கால் கரையில் பெரியவர்கள் எண்ணட்டும், பிள்ளைகளைத் தொட விட வேண்டாம்.

கொப்பிக்குக் கோடு போட்டுத் தரவும், வந்த கணக்கைக் கூட்டி வரைபாக்கித் தரவும் நான் தயார். விவசாயம் ஒரு பாடமாக எடுக்கும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் கிடைக்காது. விடை நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதையும் இங்கேயே எழுதுவேன், இன்ஷா அல்லாஹ்.

விருப்பமுள்ள அமைப்புத் தலைவர்கள் கீழே எழுதுங்கள். விதைப்புக்கு முன் தொடங்கினால்தான் கணக்குச் சரியாக வரும்.