வளைவில் 40: ஓட்டுநருக்கு மட்டுமா சட்டம்?

ஒடுகத்தூரிலிருந்து ஆலங்காயம் செல்லும் சாலையில் வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் மணிக்கு 40 கிலோமீட்டர். பீஞ்சமந்தைக்கு ஏறும் மலைப்பாதையில் 30. வேக வரம்பை இந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதே நமது நிலை. ஒரு பலகையை நட்டு, அடுத்த வளைவில் இ-சலான் கருவியோடு ஒரு காவலரை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று யாராவது நினைத்தால், அதை நாம் ஏற்கவில்லை.

இந்தச் சாலையில் யார் போகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். விடியற்காலையில் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமையானால் ஒடுகத்தூர் சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் டாடா ஏஸ்கள். மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்கிவரும் மினி லாரிகள். இவற்றுக்கு நடுவே ஒரே பைக்கில் மூன்று பேர், சாலையைக் கடக்கும் மாடு, ஓரமாக நடந்துபோகும் பாட்டி. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓட்டிய அதே கால் அழுத்தத்தோடு இங்கே திரும்புகிறவருக்கு இவர்கள் யாரும் வளைவு முடியும்வரை கண்ணில் படமாட்டார்கள்.

கணக்கு எளியது. 60-ல் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தார்ச்சாலையில் சுமாரான பிரேக்கோடு வண்டி நிற்க மொத்தம் 45 மீட்டர் வேண்டும். 40-ல் வந்தால் 24 மீட்டர் போதும். வளைவுக்கு அந்தப் பக்கம் 30 மீட்டரில் ஒரு குழந்தை நின்றால், 40-ல் வருகிறவர் நிறுத்திவிடுவார். 60-ல் வருகிறவர் பிரேக்கை மிதித்த பிறகும் 40-க்கு மேற்பட்ட வேகத்தோடு மோதுவார். வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசையும் அப்படித்தான்: வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எதிர்ப்பு வரும். முதல் எதிர்ப்பு, நேரம் வீணாகிறது என்பது. 10 கிலோமீட்டர் வளைவுப் பாதையை 60-லேயே கடந்தால் 10 நிமிடம். 40-ல் கடந்தால் 15. வித்தியாசம் ஐந்தே நிமிடம். அதுவும் எல்லா வளைவையும் 60-லேயே கடக்க முடியும் என்று வைத்துக்கொண்டால்தான்.

இரண்டாவது எதிர்ப்பில் நியாயம் உண்டு. இந்த மலையடிவார மக்கள் சாலைக்காக எத்தனை காலம் மனு கொடுத்தார்கள்! 2023 மே மாதம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாமல் உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் இறந்தது. அந்தச் சடலத்தைத் தாயே சுமந்து மலையேறினார். இப்போதுதான் சாலை வருகிறது, அதற்குள் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா என்று மலைவாழ் மக்கள் கேட்டால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. 108 ஆம்புலன்சுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். வேகத்தடை என்ற பெயரில் சாலைக்குக் குறுக்கே தார் மேடு கொட்டும் வழக்கமும் இங்கே வேண்டாம். பிரசவ வலியோடு வருகிறவரை அது தூக்கிப்போடும்.

மூன்றாவது எதிர்ப்பு நம் தரப்பிலிருந்தே எழ வேண்டியது: எல்லா விபத்துக்கும் வேகம் மட்டுமா காரணம்? 2022-ல் நாட்டில் நடந்த சாலை மரணங்களில் சுமார் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. நமது காவல் நிலையங்களில் முதல் தகவல் அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்று அறிந்தவர்கள் இந்த எண்ணைச் சற்றுத் தள்ளிவைத்தே பார்ப்பார்கள். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பது பேனா தானாக எழுதிவிடும் வரி. 2022 ஏப்ரல் 2 அன்று திருப்பத்தூர் மாவட்டம் செம்பரை மலையில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிய சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். மலையேற்றத்தில் நடந்த விபத்து அது. 30 என்று பலகை இருந்திருந்தால் தடுத்திருக்குமா? தடுத்திருக்காது. சரக்கு வண்டியில் ஆட்களை அடைப்பதற்குத் தனி நடவடிக்கை வேண்டும். ஒரு மருந்து எல்லா நோயையும் தீர்க்காது என்பதற்காக அந்த மருந்தே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சட்டத்தில் தடையேதும் இல்லை. மத்திய அரசின் 2018 ஏப்ரல் 6 அறிவிக்கை, இதுபோன்ற சாலைகளில் காருக்கு 70, பஸ், லாரி, பைக்குகளுக்கு 60 என்று உச்ச வேகத்தை வைத்தது. வேகத்தை உயர்த்திய அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. அது எப்படியானாலும், சாலையின் தன்மையைக் கருதி அதைவிடக் குறைந்த வரம்பை வைக்க, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 112-வது பிரிவு மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் இடம் தருகிறது. அரசிதழில் அறிவிக்க வேண்டும், உரிய இடங்களில் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. ஆகவே சோதனையாக ஒரு மாதம் நடத்திப் பார்ப்பதற்குக் கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்பக் காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறிடத்தில். 2019-ல் மாவட்டம் பிரிந்தபின் ஒடுகத்தூர் வேலூருக்கு, ஆலங்காயமும் ஆம்பூரும் திருப்பத்தூருக்கு. ஒரே சாலைக்கு இரண்டு ஆட்சியர்கள், இரண்டு எஸ்.பி.க்கள். ஒரு பக்கம் 40, எல்லையைத் தாண்டினால் விருப்பம்போல் என்று ஆகிவிடாமல், இரண்டு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

நாம் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது அதே சட்டத்தின் 183-வது பிரிவைப் பற்றி. வேக வரம்பை மீறி ஓட்டியவரை மட்டுமல்ல, தம்மிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்தவரையும் அது தண்டிக்கிறது. வரம்புக்குள் ஓட்டி முடிக்கவே முடியாத நேரத்தில் பயணத்தை முடிக்கச் சொல்லி அட்டவணை போட்டாலோ உத்தரவிட்டாலோ, அதுவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நிலைச் சான்று என்றும் சொல்கிறது. இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக்காகவே எழுதிவைத்ததுபோல் இருக்கிறது. ஷிஃப்ட் மணி அடிக்கும்முன் ஆட்களை கேட்டில் இறக்கியாக வேண்டிய வேன் டிரைவரும், பின்னால் வரும் பஸ் டைமிங்கைத் தட்டிப் பறிக்குமுன் அடுத்த நிறுத்தத்தைப் பிடிக்க வேண்டிய தனியார் பஸ் டிரைவரும் ஆசைப்பட்டா வளைவில் மிதிக்கிறார்கள்? அபராதம் அவர்கள் சட்டைப்பையிலிருந்து போகிறது. அந்த நேரத்தை விதித்தவர் மேசையில் ஒரு நோட்டீஸ்கூட விழுவதில்லை.

பிரான்ஸ் 2018 ஜூலையில் தன் கிராமப்புற இருவழிச் சாலைகளின் வரம்பை 90-லிருந்து 80-ஆகக் குறைத்தது. முதல் 20 மாதங்களில் 349 உயிர்கள் மிஞ்சின என்று அங்கே அரசு சார்ந்த ஆய்வு கணித்தது. ஆனாலும் கிராமத்து மக்கள் கொதித்தார்கள், வேகக் கேமராக்கள் நொறுக்கப்பட்டன. கடைசியில் மாவட்ட நிர்வாகங்கள் விரும்பினால் 90-க்கே திரும்பலாம் என்று அரசு இறங்கிவந்தது. தலைநகரில் முடிவெடுத்து ஊர் மேல் இறக்கிய விதிக்கு நேர்ந்த கதி அது.

இங்கே அந்தத் தவறு வேண்டாம். ஒடுகத்தூர் பேரூராட்சியையும் மலை ஊராட்சிகளையும் வேன் டிரைவர்களையும் கூப்பிட்டு, எந்த வளைவிலிருந்து எந்த வளைவுவரை என்று சாலையிலேயே நடந்து குறிக்கட்டும். நெடுஞ்சாலைத்துறை வளைவுகளின் உட்புறம் வளர்ந்த புதரை வெட்டி, இரவில் மின்னும் குறிகளை நடட்டும். சோதனை மாதம் தொடங்குமுன் ஒவ்வொரு ஷூ கம்பெனியிடமும் பஸ் முதலாளியிடமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பயண நேர அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். 40-க்குள் ஓட்டி அடைய முடியாத நேரம் அதில் இருந்தால், முதல் நோட்டீஸ் அந்த அட்டவணையில் கையெழுத்திட்டவருக்குப் போகட்டும்.