55 வயசுல வர்ற பணம் நம்பர் அடிச்ச பணம் இல்லீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. 50 வயசைத் தாண்டினவங்களும் அவங்க பிள்ளைங்களும் நேரம் ஒதுக்கி முழுசா படிங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். 55 வயசு ஆனதும் இபிஎப் பணத்தை மொத்தமா எடுக்கிற பழக்கத்தை நம்ம ஆளுங்க விடணும். எடுக்கிறது உங்க உரிமை, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

கோயில் தொண்டு செய்றவனுக்கு இந்தப் பேச்சு எதுக்குன்னு சிலர் கேக்கலாம். அன்னதானத்துல சாப்பாடு பரிமாறும்போது வரிசையில யார் யார் வந்து உக்கார்றாங்கன்னு பார்க்கிறவன் நான். முப்பது வருஷம் ஒழுங்கா வேலை செஞ்சு, மாசாமாசம் இபிஎப் கட்டினவங்களும் அதுல இருக்காங்க. சாமி கும்பிட வந்து சாப்பிட்டுப் போனா சந்தோஷம். வீட்டுல அரிசி இல்லாம வந்தா, அது நாம எல்லாரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

தொழிற்சாலையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கதையைச் சொல்றேன். பேர் வேண்டாம். 55 வயசுல அவருக்கு 180,000 வெள்ளி இருந்தது. மொத்தமா எடுத்தார். புதுக் காடிக்கு 60,000. மகள் கல்யாணத்துக்கு 40,000. மச்சான் கடையை மீட்க 30,000. மீதி 50,000 "மாசம் பத்து பர்சன்ட் தர்றோம்"னு சொன்ன ஒரு கூட்டத்துக்கிட்ட போச்சு. அந்தக் கூட்டம் ஆறு மாசத்துல காணாமப் போச்சு. மச்சான் கடையும் மூடியாச்சு. வேலையையும் 55-லேயே விட்டுட்டார். இப்போ ஒரு கொண்டோவுல ஜாகா வேலை, 12 மணி நேர ஷிப்ட், முட்டி வலியோட நிக்கிறார். நல்ல மனுஷன். குடிக்கல, சூதாடல. யாருக்கும் "இல்ல"ன்னு சொல்லத் தெரியாததுதான் அவர் செஞ்ச குத்தம்.

இப்போ கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 180,000 வெள்ளியை அவர் தொடாம விட்டு, 60 வரைக்கும் வேலை செஞ்சிருந்தா? வருஷத்துக்கு 5 விழுக்காடு டிவிடெண்ட்னு வச்சாலே ஐந்து வருஷத்துல ஏறக்குறைய 230,000 ஆகியிருக்கும். அதுக்குப் பிறகு மாசம் 1,500 வெள்ளி எடுத்தா, அதே 5 விழுக்காட்டுல சுமார் 20 வருஷத்துக்கு வரும். அதாவது 80 வயசு வரைக்கும். சம்பளத்துல தொடர்ந்து பிடிச்ச ஐந்து வருஷச் சந்தாவை இதுல நான் சேர்க்கவே இல்ல.

5 விழுக்காடு கிடைக்குமான்னு கேட்டா, கடந்த வருஷங்களைப் பாருங்க. வழக்கமான சேமிப்புக்கு 2020-ல 5.20, 2021-ல 6.10, 2022-ல 5.35, 2023-ல 5.50, 2024-ல 6.30. சட்டப்படி உத்தரவாதம் 2.5 விழுக்காடு மட்டும்தான், அதையும் மறைக்காம சொல்லிடறேன். எந்த வருஷமும் கூடக் குறைய வரலாம். ஆனா 55-க்குப் பிறகு பணத்தை உள்ள வச்சிருந்தா டிவிடெண்ட் நின்னு போகாது. 100 வயசு வரைக்கும் வரும். பல பேருக்கு இது தெரியாது. "55-ல எடுக்கலன்னா அரசாங்கம் எடுத்துக்கும்"னு காப்பிக் கடையில சொல்றதை நம்புறவங்க இன்னும் இருக்காங்க. அது சுத்தப் பொய்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? இபிஎப் 1951-ல தொடங்கினது. நம்ம அப்பா, தாத்தா காலத்துல பெரும்பாலானவங்க தோட்டத்துல இருந்தாங்க. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும். அதனால இபிஎப் பணத்தை மொத்தமா எடுத்து, வெளியே ஒரு சின்ன வீட்டுக்கோ நிலத்துக்கோ போட்டாங்க. அன்னைக்கு அது புத்திசாலித்தனம். இன்னைக்கு நம்மில் பல பேருக்கு வீடு இருக்கு. ஓய்வு பெறும் வயசும் 2013-லிருந்து 60. காரணம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு.

55 ஆனதும் உங்க கணக்கு எல்லாம் அக்காவுன் 55-ன்னு ஒண்ணா சேரும். அதுக்குப் பிறகு சம்பளத்துல பிடிக்கிறது அக்காவுன் எமாஸ்ல போகும், அதை 60-ல எடுக்கலாம். அக்காவுன் 55-ல இருக்கிறதை மொத்தமா எடுக்கலாம், கொஞ்சமா எடுக்கலாம், மாசாமாசம் வர்ற மாதிரியும் ஏற்பாடு செய்யலாம். பாரத்துல எல்லா வழியும் இருக்கு. நம்ம ஆளுங்க முதல் வழியை மட்டும் கேட்டுட்டு வந்துடறாங்க.

அப்போ எதுக்குமே எடுக்கக் கூடாதான்னு கேக்காதீங்க. கிரெடிட் கார்டு கடனுக்கு வருஷம் 15-லிருந்து 18 விழுக்காடு வட்டி. இபிஎப் தர்றது 5, 6. அப்படின்னா அந்தக் கடனை எடுத்து அடைக்கிறது லாபம். அடைச்சிட்டு கார்டை வெட்டிப் போடுங்க. வைத்தியச் செலவுன்னா யோசிக்கவே வேண்டாம், எடுங்க. ஆனா 4 சொச்சம் வட்டியில ஓடுற வீட்டுக் கடனை அவசரப்பட்டு மொத்தமா முடிக்கணும்னு இல்ல. கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

பணம் ஓடிப் போற வழி மூணு.

முதல் வழி பிள்ளைங்க. கல்யாணம், வீட்டு முன்பணம், காடி. பெத்தவங்களுக்கு மனசு தாங்காது, புரியுது. ஆனா உங்க மகனுக்கு 28 வயசு. சம்பாதிக்க இன்னும் 32 வருஷம் இருக்கு. உங்களுக்கு அது இல்ல. பணத்தை எல்லாம் கொடுத்துட்டு 65 வயசுல அவன்கிட்டயே மருந்துச் செலவுக்குக் கை நீட்டுறது அவனுக்கும் பாரம்தான். தம்பிங்க, தங்கச்சிங்க, நீங்களும் கேளுங்க. அப்பாவோட இபிஎப் உங்க கல்யாண மண்டபத்துக்குச் சேர்த்த பணம் இல்ல.

இரண்டாவது சொந்தக்காரங்க. கொடுக்கணும்னா, திரும்பி வராட்டியும் பரவாயில்லைன்னு தோணுற தொகையைக் கொடுங்க. "பணம் உள்ள இருக்குண்ணே, எடுக்கல"ன்னு சொல்லிப் பழகுங்க. இது பொய்யும் இல்ல. பணம் பேங்க்ல கிடந்தா "இல்ல"ன்னு சொல்ல வாய் வராது. இபிஎப்ல இருந்தா தைரியம் தானா வரும்.

மூணாவது "முதலீடு". இதுக்கு மட்டும் கொஞ்சம் காட்டமாவே சொல்றேன். மாசம் பத்து விழுக்காடுன்னா வருஷத்துக்கு 120. பெரிய பெரிய நிபுணர்களை வச்சு இபிஎப் சம்பாதிச்சுக் கொடுக்கிறது வருஷத்துக்கு 6. மாசம் பத்து சம்பாதிக்கத் தெரிஞ்சவனுக்கு நம்ம 50,000 வெள்ளி எதுக்கு? அவன் ஏன் வாட்சப் குரூப்ல வந்து நம்மைக் கெஞ்சணும்? முதல் இரண்டு மாசம் பணம் ஒழுங்கா வரும். அது லாபம் இல்ல, உங்களுக்குப் பின்னாடி சேர்ந்தவனோட பணம். கொண்டு வந்தவர் நெத்தி நிறைய விபூதி பூசினவரா இருந்தாலும், கோயில்ல பார்த்துப் பழகினவரா இருந்தாலும், செக்யூரிட்டிஸ் கமிஷனோட எச்சரிக்கைப் பட்டியலையும் பேங்க் நெகாரா பட்டியலையும் முதல்ல பாருங்க. பட்டியல்ல பேர் இல்லைன்னா மட்டும் நம்பிடாதீங்க, லைசென்ஸ் இருக்கான்னும் கேளுங்க. ஏமாந்து பணத்தை அனுப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா வெக்கப்பட்டு உக்காராதீங்க. உடனே பேங்குக்கோ 997-க்கோ அடிங்க. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே 11-லிருந்து உங்க சந்தாவுல 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 செஜாத்ராவுக்கும், 10 பிலெக்சிபலுக்கும் போகுது. பிலெக்சிபல்ல இருக்கிறதை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், அதனால மாசாமாசம் வழிச்சு எடுக்கிற பசங்களைப் பார்க்கிறேன். 2,500 வெள்ளி சம்பளம்னா உங்க 11 விழுக்காடு, முதலாளியோட 13 விழுக்காடு சேர்த்து 600 வெள்ளி. அதுல பிலெக்சிபலுக்கு 60. என்ன பெரிய காசு, பாசார் மாலாம் செலவுதானேன்னு தோணும். சம்பளம் ஏறவே இல்லைன்னு வச்சாலும், அந்த 60-ஐத் தொடாம 30 வருஷம் விட்டா, 5 விழுக்காட்டுல ஏறக்குறைய 48,000 வெள்ளி. நீங்க போட்டது 21,600 மட்டும்தான். அவசரத்துக்கு எடுங்க, அதுக்குத்தான் அந்தக் கணக்கு. புது போனுக்கு எடுக்காதீங்க.

முதலாளி இல்லாம உழைக்கிறவங்களை மறந்துடக் கூடாது. பூமாலை கட்டுற அக்கா, நாசி லெமாக் விக்கிற அம்மா, கிராப் ஓட்டுற தம்பி, உங்களுக்கும் இபிஎப் உண்டு. ஐ-சாராஆன் திட்டத்துல பதிஞ்சு முடிஞ்சதைப் போடலாம், அரசாங்கமும் ஒரு பங்கு ஊக்கத்தொகை சேர்க்குது. இந்த வருஷத்துக்கு எவ்வளவுன்னு இபிஎப் கவுண்டர்ல கேளுங்க. கூட்டுல போட்டுட்டு, பிடிச்சவங்க ஓடிப்போனா போலீஸ் நிலையத்துல நிக்கிறதை விட இது மேல். கூட்டு நடத்துறதைத் தொழிலா செய்றதுக்கு எதிரா 1971-லேயே சட்டம் இருக்கு.

கடைசியா பெனாமா, அதாவது வாரிசுப் பேர். கருமக்கிரியை முடிஞ்ச வீடுகள்ல நான் பார்க்கிற பெரிய சிக்கல் இதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரைப் போட்டிருப்பாங்க, பிறகு மாத்தவே இல்ல. முஸ்லிம் அல்லாதவங்களுக்குப் பணம் அதுல பேர் உள்ளவங்களுக்குத்தான் போகும். அந்த அம்மாவும் காலமாகியிருந்தா அந்தப் பதிவு செல்லாது. பிறகு மனைவி கடிதம் கடிதமா தூக்கிட்டு அலையணும். இன்னைக்கே உங்க பதிவுல யார் பேர் இருக்குன்னு பாருங்க.

நம்ம கோயில் நிர்வாகத்துக்கிட்ட ஒரு யோசனை வச்சிருக்கேன். மாசத்துல ஒரு ஞாயிறு, அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்துல ஒரு மேசை. நம்ம இளைஞர் பிரிவுப் பிள்ளைங்க உக்கார்ந்து, பெரியவங்களுக்கு அவங்க போன்லயே கணக்கு எவ்வளவு இருக்கு, பெனாமா யாருன்னு பார்க்கக் கத்துக் கொடுக்கட்டும். செலவு ஒண்ணும் இல்ல. ஆனா பாஸ்வர்ட், ஓடிபி எதையும் யாருக்கும் சொல்லாதீங்க. அந்தப் பிள்ளைங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

இந்த வருஷம் 55 ஆகப் போற அண்ணன்மார், அக்காமார் யாராவது உங்க வீட்டுல இருந்தா இந்தப் பதிவை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. பாரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டுங்க.