‘கெட்’ படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் நம்மைத் திணற அடிப்பவை நீண்ட சொற்கள் என்று நண்பர்கள் பலர் கருதுகின்றனர். நான் அதை ஒப்பமாட்டேன். ‘போட்டோசிந்தசிஸ்’ என்பதை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் அது ஒரே பொருளைத் தந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும். மூன்றே எழுத்துள்ள ‘கெட்’ அப்படிப்பட்டதன்று.

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு அது அன்றாட விருந்தாளி. ஒரு சமன்பாட்டை இன்னொன்றில் பிரதியிட்டதும் கரும்பலகையில் ‘வி கெட்’ என்று விழும். அகராதியைப் புரட்டினால் முதலில் ‘பெறு’ என்றிருக்கும். சரி, ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் யார் இருட்டைப் பெறுகிறார்கள்? இருட்டிக்கொண்டு வருகிறது என்பதே பொருள். ‘ஐ காட் ஹோம் அட் சிக்ஸ்’ என்றவர் வீடு வாங்கவில்லை. ஆறு மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார். ‘ஹி காட் பீட்டன்’ என்றால் அடிபட்டான். ‘கெட் தி சைக்கிள் ரிப்பேர்ட்’ என்றால் நீ ரிப்பேர் செய்ய வேண்டாம், கடையில் கொடுத்துச் செய்துகொண்டு வா.

இச்சொல் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் மொழி வழியே வந்தது. வந்த இடத்தில் இத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டது! 1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்டு ‘பேசிக் இங்கிலீஷ்’ வகுத்தபோது, வினைகளாகப் பதினெட்டை மட்டுமே வைத்துக்கொண்டார். அதில் ‘கெட்’டும் ஒன்று.

பல பொருள் தருவதால் மட்டும் இது கடினம் என்று சொல்ல முடியாது. நம் ‘பிடி’ மட்டும் என்ன? பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, ஒரு பாட்டு பிடிக்கிறது. எழுத்தறியாத பாட்டியும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. இடறும் இடம் வேறு என்பது என் துணிபு. ‘எனக்குச் சளி பிடித்தது’ என்கிறோம். அங்கே சளிதான் எழுவாய். ஆங்கிலேயனோ ‘ஐ காட் எ கோல்ட்’ என்று, தான் ஒன்றுமே செய்யாவிட்டாலும், தன்னை எழுவாயாக்கிக் கொள்கிறான். ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்பதும் அவன் வாயில் ‘ஐ காட் எ ஜாப்’ ஆகிறது. நம் ‘எனக்கு’ அங்கே ‘நான்’ ஆகிவிடுகிறது. தமிழ் வழியில் படித்துவந்தவன் வாய் திறக்கத் தயங்குவது இங்கேதான். இதை ஒரு மணி நேரம் விளக்கினால் போதும். பல ஆண்டுப் பயம் பாதியாகும்.

நமக்கோ ‘கெட் அவுட்’ மட்டும் விளக்கமின்றியே புரிகிறது! (‘கெட் டவுன்’ என்று பஸ்ஸில் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்; பிரிட்டனில் ‘கெட் ஆஃப்’ என்பார்களாம். இறங்குவது கீழேதானே? நம் நாட்டு ஆங்கிலம் நமக்குப் போதும்.)

ஆனால் ரெக்கார்டு நோட்டில் ‘ஈஸ் அப்டெய்ன்ட்’ என்று எழுதிப் பழகிய நாம், பேசும்போதும் அந்தக் கனத்த சொல்லையே தேடுகிறோம். அது நாவில் வருவதற்குள் நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. வகுப்பில் எழ வேண்டிய சந்தேகமும் மணியடித்ததும் பையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத் துறை ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: வாரத்தில் ஒரு வகுப்பை இலக்கணப் பயிற்சிக்குப் பதிலாகப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். கெட், புட், டேக், கிவ் என்ற நான்கை மட்டும் வைத்து நாங்கள் பேசிப் பார்க்கிறோம். அந்த ஒரு மணி நேரம் ‘அப்டெய்ன்’ வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.