சிவப்புக் கோட்டும் மூன்று பெயர்களும்

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் ஜீப்புகளை விடியற்காலையில் பார்த்திருக்கிறோம். ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் தாய்மார்கள், மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரள எல்லைக்குள் போகிறார்கள். தேவிகுளம், பீர்மேடு 1956-ல் கைவிட்டுப் போன கதையைத் தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அந்த மலையை வெள்ளைக் கம்பெனி அளந்த கதையில்தான் நமக்கொரு கேள்வி இருக்கிறது.

1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்டுகள் என்று ஏடு சொல்கிறது. சரி. சங்கிலியையும் முக்காலியையும் லெப்டினன்டுகளா தோளில் சுமந்து மலை ஏறினார்கள்? சுமந்த கலாசியின் பெயர் எங்கே?

அப்போது அளவைத் துறைக்குத் தலைவர், இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் காலின் மக்கன்சி. 1783-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் நின்ற படைப் பொறியாளர். அவருடைய எண்ணெய் வண்ணப் படம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தீட்டியவர் சென்னையில் வாழ்ந்து 1824-ல் இங்கேயே மறைந்த அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி, ஆண்டு 1816. நடுவில் கம்பெனிப் படையின் சிவப்புக் கோட்டோடு கர்னல். அவரைச் சுற்றி நம் நாட்டவர் மூவர்.

கர்னல் யார் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. மற்ற மூவரைத்தான் கையிலிருக்கும் பொருளை வைத்தும், மக்கன்சியின் காகிதங்களை வைத்தும் அடையாளம் காண வேண்டியிருந்தது! ஓலைச்சுவடி ஏந்தியவர் தர்மையா என்ற சமணப் பண்டிதர். பின்னணியில் தெரிவதும் சமணச் சிலைதான்: கார்க்களாவில் 1432-ல் நிறுவிய கோமடேசுவரர், 42 அடி உயரக் கல். இன்னொருவர் தெலுங்குப் பண்டிதர் காவலி வெங்கட லட்சுமய்யா. மக்கன்சியின் முதல் வலக்கையாக இருந்தவர் லட்சுமய்யாவின் சகோதரர் போரய்யா. படத்தில் அவர் இருக்க முடியாது, 1803-லேயே இறந்துவிட்டார். தொலைநோக்கி பிடித்திருப்பவர் கிருஷ்ணாஜி. அவருக்கு ஏட்டில் கிடைத்தது 'பியூன்' என்ற ஒரு சொல்.

இவர்கள் அலங்காரத்துக்கு நிறுத்தப்பட்டவர்களா? மக்கன்சி சேர்த்ததாகச் சொல்லப்படும் செல்வத்தை எண்ணிப் பாருங்கள்: சுவடி நூல்கள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218. அவருக்கு நம் மொழிகள் தெரியாது! 1817-ல் அலெக்சாந்தர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே ஒப்புக்கொண்டு, இந்திய அறிவின் வாயிலைத் தமக்குத் திறந்தவர் போரய்யா என்று நன்றியும் சொன்னார். அந்த நேர்மையை நாம் மறைக்க மாட்டோம். ஆனால் ஊர் ஊராய் நடந்தவர்கள், கோயில் திண்ணையில் உட்கார்ந்து படி எடுத்தவர்கள், பிடிவாதம் பிடித்த ஏட்டுக்காரர்களிடம் கெஞ்சியவர்கள் சம்பளக்காரர்கள். நிட்டல நயினா, அப்பாவு என்று சில பெயர்கள் குறிப்புகளில் தலைகாட்டுகின்றன. 1821-ல் மக்கன்சி மறைந்தபின் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அத்தனையையும் அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. அதில் ஒரு பெரும் பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது.

லட்சுமய்யா கதை இன்னும் கசப்பு. கர்னல் போனபின், விட்ட வேலையை நான் தொடர்கிறேன் என்று 1830-களில் விண்ணப்பித்தார். வாழ்நாளெல்லாம் அந்த வேலையைச் செய்த மனிதர்! கல்கத்தா ஆசியக் கழகத்தில் கருத்துக் கேட்டார்கள். ஜேம்ஸ் பிரின்செப் முதலான அறிஞர்கள் இவருக்குத் தகுதி போதாது, மேலிருந்து நடத்த வேறு தலை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய பிரின்செப்புக்கு, படத்தில் கர்னல் பக்கத்தில் நின்ற மனிதரைப் படிக்கத் தெரியவில்லை.

எந்த மேஸ்திரியும் இல்லாமல் தோட்டத்தையே நடத்தத் தெரிந்த தொழிலாளிக்கு, மேஸ்திரி வேலை கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று போடித் தோழர்களுக்குத் தெரியும்.

இந்தப் படத்தை நூல்களில் அச்சிடுகிறவர்கள் மக்கன்சி பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். லட்சுமய்யா, தர்மையா, கிருஷ்ணாஜி என்று மூன்று பெயரையும் அடியில் கோக்கட்டும். இடம் போதாது என்று அச்சகத்தார் சொன்னால், 'கர்னல்' என்ற பட்டத்தை எடுத்துவிடலாம்.