விசில் யார் கையில்?

கடந்த 2025-இல் இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்த மகளிர் ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பையை நம் அணி வென்றதைக் கொண்டாடினோம். அதே போட்டியில் நாம் அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. 14 அம்பயர்கள், 4 மேட்ச் ரெஃப்ரிகள் என 18 பேரும் பெண்கள். அவர்களில் ஜி.எஸ். லட்சுமி, விருந்தா ரதி, காயத்ரி வேணுகோபாலன், ஜனனி நாராயணன் ஆகிய நால்வர் இந்தியர்கள்.

சென்னையைச் சேர்ந்த ஜனனி கிரிக்கெட் வீராங்கனையாக இருந்தவர் அல்லர். அம்பயர் ஆக ஆசைப்பட்டு தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தை அணுகியபோது, பெண்களுக்கு அங்கே இடமில்லை. 2015-இல் சங்கம் விதியை மாற்றியது. 2018-இல் வாரியத்தின் தேர்வில் வென்ற அவர், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு முழுநேர அம்பயர் ஆனார். 2023 ஜனவரியில் ஆண்கள் ஆடும் ரஞ்சிக் கோப்பையில் விருந்தா, காயத்ரியோடு அவரும் நடுவராக நின்றார். ரஞ்சியில் பெண்கள் நடுவரானது அதுவே முதல் முறை.

கால்பந்தில் திண்டுக்கல் ரூபாதேவி 2016-இல் ஃபிஃபா நடுவரானார். தமிழ்நாட்டிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண் அவர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. ஜனனியின் திறமைக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. விதிதான் குறுக்கே நின்றது. விதி மாறிய மூன்றாண்டில் அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார்.

ஆனால் சேரிப் பெண்ணுக்குக் கதவில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. நன்றாக ஆடினால் கைதட்டுவார்கள். அதிகாரம் கேட்டால் முகம் மாறும். நூறாண்டுக்கு முன் தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு, இந்துக்கள் அணிக்கு விக்கெட்டுகளைக் குவித்தார். ஆனாலும் அணியின் தலைமைப் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1923-இல்தான் அவருடைய தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சமூகப் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். பதவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை.

நடுவரின் விசிலும் அப்படிப்பட்ட நாற்காலிதான். 'அவுட்' என்றால் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் வெளியே போக வேண்டும். ஊர்த் திருவிழாக் கபடியில் நம் பிள்ளைகள் ரெய்டு போகிறார்கள். விசில் மட்டும் யார் கையில்? முறையான ஒரு கபடி ஆட்டத்துக்கு நடுவர், இரண்டு அம்பயர்கள், ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர்கள் என ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு இடங்களில் நம் தெருப் பெண் ஒருத்தியாவது உண்டா என்று ஒவ்வொரு ஊரும் கேட்டுக்கொள்ளட்டும்.

இது கௌரவப் பிரச்சினை மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போன பிளஸ் 1 தலித் மாணவரின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடியில் தோற்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். நல்ல நடுவர் இருந்தால் சாதி வெறி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெற்றி தோல்வியைச் சாதிக் கணக்காக்காத, இரு தரப்பும் மதிக்கிற நடுவர்கள் கிராமத் திடலுக்கு அவசியம் தேவை.

கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பெண், நாள் கூலியை விட்டுவிட்டு நடுவர் பயிற்சிக்குப் போக முடியாது. பயணச் செலவு, கட்டணம், ஷூ, தங்குமிடம் எல்லாம் சேர்ந்து அவளை வீட்டிலேயே நிறுத்திவிடும். ஆகவே பட்டியல் சமூகப் பெண்களுக்கு நடுவர் பயிற்சியை அரசே இலவசமாக, உதவித்தொகையோடு மாவட்டந்தோறும் நடத்த வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அவர்களுக்கு நடுவர் பணி ஒதுக்க வேண்டும். விளையாட்டுச் சங்கங்கள் தங்கள் நடுவர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சமூகத்தார் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

உடற்கல்வி படிக்கும் மாணவிகளே, பள்ளி அணியில் ஆடும் தங்கைகளே, ஆட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். விதிப் புத்தகத்தையும் படியுங்கள். உங்கள் மாவட்டச் சங்கத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். விசில் ஊத யாருடைய அனுமதியும் வேண்டாம், தேர்ச்சி போதும் என்ற நிலை வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.