பாலையூற்று வீடுகளுக்கு விடுக்கப்பட்ட இடிப்பு அறிவித்தலை இடைநிறுத்தக் கோரும் மனு

பெறுநர்: அமுலாக்கல் அறிவித்தலில் ஒப்பமிட்ட உத்தியோகத்தர் அவர்கள்
பிரதி: மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர்

ஐயா / அம்மணி,

விடயம்: 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழான அறிவித்தல் தொடர்பான மேன்முறையீடு

திருகோணமலை பாலையூற்றில் வீடு வளவு வைத்திருந்து சோலைவரி செலுத்திவரும் குடும்பங்களின் சங்கம் நாம். அறிவித்தல் கிடைத்தவர்கள் எமது உறுப்பினர்கள்.

இவ்விடயமாக நாம் எழுதுவது இது முதற்தடவை அல்ல. முன்னைய கடிதங்கள் கோவையில் இருக்கின்றனவா என்பதே எமக்குத் தெரியாத நிலையில், அவற்றில் இருந்தவற்றை இங்கே மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

முதலாவது கடிதம், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஒழுங்கைகளில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்த காலத்தில் கையளிக்கப்பட்டது. அளக்கப்படும் வீடு எந்த வரைபடத்தோடு ஒப்பிடப்படுகிறது, அந்த வரைபடம் அலுவலகத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் கட்டடம் அனுமதிக்கு மாறானது என்று எதைக் கொண்டு தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தோம். எமது பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார்கள். பதில் இல்லை.

இரண்டாவது கடிதத்தில், கட்டிய பின் அனுமதி பெறுவதற்குரிய விண்ணப்பப் படிவங்களைக் கேட்டோம். உரிய கட்டணத்தையும் மேலதிகத் தொகையையும் செலுத்த உறுப்பினர்கள் ஆயத்தமாக இருப்பதாகவும், தகுதியுள்ள படவரைஞரைக் கொண்டு புதிய வரைபடம் தயாரித்துத் தருவதாகவும் எழுதினோம். அனுமதியின்றிக் கட்டியவன் ஒளித்துத் திரிவான். நாங்கள் வாசலில் வந்து நின்று படிவம் கேட்டவர்கள். அதற்கும் எழுத்தில் பதில் வரவில்லை.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பம். பழைய கட்டட விண்ணப்பப் பதிவேட்டில் எமது ஒழுங்கைகளுக்குரிய பக்கங்களைப் பார்வையிட அனுமதி கேட்டோம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அந்த நாட்கள் கடந்த பின் எமக்குக் கிடைத்தது பதிவேடு அல்ல. ஏழு நாட்களுக்குள் பின்புற அறைகளையும் மேல்மாடிகளையும் இடித்து அகற்றுமாறு பணிக்கும் அறிவித்தல்.

கோரிக்கை 1: அறிவித்தலை இடைநிறுத்தி, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே விசாரித்து, கட்டிய பின் அனுமதிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஆறு மாத கால அவகாசம் வழங்குதல்.

அறிவித்தல் தன் அதிகாரத்தை 28அ பிரிவிலிருந்து பெறுகிறது. ஆகவே அந்தப் பிரிவையே நாமும் பிடித்துக்கொள்கிறோம். அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ அபிவிருத்தி வேலை நடந்தால், குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன் அதைச் சரிசெய்யுமாறு அதிகார சபை எழுத்தில் பணிக்கலாம் என்கிறது பிரிவு. அந்த நாள் அறிவித்தல் திகதியிலிருந்து ஏழு நாட்களுக்குக் குறையக்கூடாது. இதைவிடக் குறைவாகக் கொடுக்காதே என்று உத்தியோகத்தருக்குச் சட்டம் போட்ட வேலி அது. அந்த ஏழு நாட்களை எமக்குரிய உச்சக் காலமாக மாற்ற அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. ஆறு மாதம் கொடுத்தாலும் சட்டத்துக்குள்தான் நிற்கிறீர்கள்.

அவகாசத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அறிவித்தலுக்கு இணங்காதவரை நீதவான் முன் கொண்டுபோகலாம் என்கிறது அதே பிரிவின் அடுத்த பகுதி. அங்கே போய் நியாயம் சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் எமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே ஒருவர் காட்டக்கூடிய காரணம் ஒன்றுதான்: அனுமதிப்பத்திரம் இருக்கிறது, அதன்படியே கட்டினேன் என்பது. பத்திரம் தொலைந்த கதையையோ, பதிவேட்டைக் கேட்டும் காட்டவில்லை என்பதையோ நீதவான் இரக்கத்தோடு கேட்டாலும், கட்டளை இடிக்கச் சொல்லியே வரும். எனவே எங்கள் பக்கத்தைச் சொல்ல உண்மையில் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் தங்கள் மேசை. ஒரே காலம் இந்த அறிவித்தலின் காலம். அது ஏழு நாளோடு முடிந்தால் எம்மை எவருமே கேட்டதாக இராது.

இனி, அந்தப் பத்திரங்கள் எங்கே போயின என்ற கேள்வி. இந்த மாவட்டத்தில் பணிபுரியும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை என்றாலும் எழுதுகிறோம். 1983இலும் 1990இலும் 2006 ஏப்ரலிலும் இங்கிருந்து சனம் ஓடியது. மன்னார் வழியாக வள்ளமேறி மண்டபம் முகாம்வரை போனவர்கள் உண்டு. ஓடும்போது பிள்ளையைத் தூக்கினார்கள், உறுதியை எடுத்தவர்கள் சிலர். வீட்டு பிளானை யார் எடுத்தார்கள்? திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டில் அலுமாரிக்குள் கடுதாசி இருக்குமா?

இது எங்கள் புலம்பல் மட்டுமல்ல. பாராளுமன்றமே ஏற்றுக்கொண்ட விடயம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் காணிக்கு உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. அந்தச் சட்டம் காணி உரிமைக்குரியது, கட்டட அனுமதிக்கு நேரடியாகப் பொருந்தாது என்பது எமக்குத் தெரியும். ஆனால் காணியின் சொந்தத்தையே தீர்மானிக்கும் விடயத்தில் அந்த ஆண்டுகளை மக்களுக்கு எதிராக எண்ண மாட்டேன் என்று அரசு சொல்லியிருக்க, அதே காணியில் நிற்கும் ஒரு அறையின் பிளானுக்காக அதே ஆண்டுகளை எண்ணுவது எப்படி நியாயமாகும்?

அறிவித்தல் யாருக்கு அனுப்பப்பட்டது என்பதையும் பார்க்கவும். வேலையைச் செய்பவர், செய்தவர், அல்லது செய்வித்தவர் ஆகியோருக்கே அறிவித்தல் என்கிறது 28அ. எமது பகுதியில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தகப்பன் கட்டி, எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிய வீடுகளில் இன்று இருப்பவர் மகள். அவர் ஒரு கல்லும் வைக்கவில்லை. அவர் பெயருக்கு வந்திருக்கிறது அறிவித்தல்.

இடிக்கச் சொல்லப்படும் பின்புற அறைகள் எப்படி வந்தன என்பதும் இதே வழக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவளுக்கு வீடு. இளையவளுக்கு அதே வளவில் பின்பக்கம் இழுத்துக் கட்டிய இரண்டு அறை. ஆறு பேர்ச்சஸ் வளவு என்பது ஏறக்குறைய 150 சதுர மீற்றர். அதற்குள் கிணறு, மலசலகூடம், முன்வாசல் போக, கட்டட விதிப்படி பின்னால் வெளியாக விடவேண்டிய 2.3 மீற்றரையும் விட்டால் இளையவளுக்கு எதுவும் மிஞ்சாது. இந்த அறையைக் காட்டித்தான் கலியாணம் பேசினார்கள். இன்று அதை இடித்தால் இடிவது சுவர் மட்டும் அல்ல என்பதைத் தாங்கள் உணர வேண்டுமென்று மன்றாடுகிறோம்.

பின்வெளி விடச் சொல்வது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மலக்குழி துப்புரவாக்கும் வழிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த நோக்கம் நிறைவேற வேறு வழிகள் உண்டு: ஒரு சுவரைப் பின்னிழுக்கலாம், பத்தியின் தகரத்தைக் கழற்றலாம், யன்னல் வைக்கலாம். கட்டடத்தை இடிப்பதோடு மாற்றியமைப்பதற்கும் 28அ இடம் தருகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே வசனமாக இடிக்கச் சொல்வதற்கு முன், எந்த வீட்டில் மாற்றம் போதும் என்று ஒருவராவது வந்து பார்த்திருக்க வேண்டும்.

கேட்காமல் இடிப்பது பற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ப்பு உண்டு. இலண்டன் வான்ட்ஸ்வர்த் பகுதியில் கூப்பர் என்பவர், வேலை தொடங்க ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்க, முறையாக அறிவிக்காமல் வீடு எழுப்பினார் என்று அங்கிருந்த சபை வீட்டை இடித்தது. சட்டத்தில் இடிக்கும் அதிகாரம் தெளிவாக இருந்தது. கேட்டுவிட்டு இடி என்று எழுதியிருக்கவில்லை. எழுதாவிட்டாலும் கேட்டே இருக்க வேண்டும் என்று 1863இல் நீதிமன்றம் சபைக்கு எதிராகத் தீர்த்தது. எமது நாட்டு நிருவாகச் சட்டமும் இந்த வழியில் வந்ததே. கூப்பரிடம் அனுமதி இருந்ததென்று எவரும் சொல்லவில்லை. கேட்கப்படும் உரிமை இருந்தது. அதையே கேட்கிறோம்.

சோலைவரிச் சீட்டுகளை இணைத்திருக்கிறோம். வரி கட்டியது அனுமதியாகாது, அறிவோம். ஆனால் மதிப்பீட்டாளர் அந்த அறைகளைப் பார்த்து எண்ணி வரியை உயர்த்தியிருக்கிறார். அறை இருப்பது இன்றுதான் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

தெருக்கோட்டுக்குள் இறக்கிய மதில்களுக்காகவும் வடிகானை மூடிக் கட்டிய படிகளுக்காகவும் இச்சங்கம் வாதாடவில்லை. அவற்றை அகற்றுமாறு உறுப்பினர்களுக்கு நாமே அறிவித்துள்ளோம்.

கோரிக்கை 2: அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைக்கமைய, கிழக்கு மாகாணத்தில் வழங்கப்படும் சகல அறிவித்தல்களும் தமிழில் வழங்கப்படுதல். ஏற்கனவே வழங்கப்பட்டதற்கும் தமிழ்ப் பிரதி தருதல்.

கோரிக்கை 3: பாலையூற்று ஒழுங்கைகளுக்குரிய தெருக்கோட்டு வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல்.

கோரிக்கை 4: வரைபட அனுமதி, காணிப் பிரிவிடல், கட்டிய பின் அனுமதி ஆகியவற்றுக்கான கட்டண விபரத்தை அறிவித்தல் பலகையில் காட்சிப்படுத்துதல்.

கோரிக்கை 5: மேற்படி விண்ணப்பங்களை ஏற்க பாலையூற்றில் நடமாடும் சேவை ஒன்றை நடத்துதல்.

கோரிக்கை 6: மாரி மழைக்கு முன் ஒழுங்கை வடிகான்களைத் துப்புரவு செய்தல்.

விசாரணைக்குரிய திகதியை எழுத்தில், பதிவுத் தபாலில் அறியத் தரவும். அதுவரை நீதவான் நீதிமன்றில் மனுத் தாக்கல் செய்யாதிருக்க வேண்டுகிறோம். வரும் உத்தியோகத்தருக்கு ஒவ்வொரு வீட்டையும் காட்ட நிருவாகக் குழுவினர் உடன் வருவார்கள்.

இணைப்பு: முன்னைய கடிதங்களின் முத்திரையிட்ட பிரதிகள், சோலைவரிச் சீட்டுகள், பாதிக்கப்பட்டோரின் ஒப்பப் பட்டியல்

இவ்வண்ணம்,
செயலாளர்
(நிருவாகக் குழு சார்பாக)
பாலையூற்று, திருகோணமலை