எம்.சி. ராஜாவை வீழ்த்தியது யார்?

தென்னேரியில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எம்.சி. ராஜா யாரென்று கேட்டோம். "சைதாப்பேட்டையில அவர் பேர்ல ஹாஸ்டல் இருக்கே அண்ணா" என்றார் ஒரு தம்பி. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு பக்கம், நம் தோழர்கள் சிலர் அவரைத் 'துரோகி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்கிறோம்.

1883இல் பரங்கிமலையில் பிறந்தவர் ராஜா. ஆசிரியர். 1920இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு எழுதிவந்ததை மாற்றி 'ஆதிதிராவிடர்' என்று எழுதவைத்த 1922ஆம் ஆண்டுத் தீர்மானம் அவர் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் வெடித்தபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் சேரி மக்கள் மீதே பழிபோட்டார்கள். 1923இல் அந்தக் கட்சியிலிருந்து வெளியேறினார்.

சறுக்கல் 1932இல் வந்தது. அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டு நின்றபோது, ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேவோடு கூட்டுத்தொகுதிக்கு ஒப்பந்தம் போட்டார். பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். சாதி இந்துக்களின் மனம் மாறும் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பலன் என்ன? 1938இல் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜியின் காங்கிரஸ் அரசே எதிர்த்துத் தோற்கடித்தது. காந்தியிடம் முறையிட்டார். ராஜாஜியை நம்புங்கள் என்பதுதான் பதில். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்திக்க அவர் அம்பேத்கரோடு சேர்ந்து போனார். ஆனால் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன; கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை.

ராஜாவுக்கு அறிவும் துணிவும் குறைவில்லை. அவருக்குப் பின்னால் அவரைக் கேள்வி கேட்கும் அளவுக்குப் பலமான அமைப்பு இல்லை. அதனால் நீதிக்கட்சி, மகாசபை, காங்கிரஸ் என ஒவ்வொருவர் வாசலிலும் நியாயம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. தேவைப்பட்டபோது அழைத்தார்கள், தேவை தீர்ந்ததும் கைவிட்டார்கள்.

இது பழங்கதை அல்ல. நம் காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதிதான். ஆனால் வேட்பாளரை முடிவு செய்வது கட்சித் தலைமை. வெற்றியை முடிவு செய்வதில் ஊர்த்தெருவின் வாக்குக்கும் பங்கு உண்டு. சேரிக்காக வாய் திறந்தால் அடுத்த முறை சீட்டு இருக்குமா என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பவரைத் திட்டி என்ன பயன்? அந்தப் பயத்தை உருவாக்கிய ஏற்பாட்டைக் கேள்வி கேட்போம்.

தம்பி தங்கைகளே, பதவிக்குப் போகிறவரைக் கொண்டாடுவதற்கு முன், அவரைக் கணக்குக் கேட்கும் அமைப்பை உங்கள் தெருவில் கட்டுங்கள். ஜெய்பீம்!